ஓட்டு வீட்டை விழுங்கிய ஆங்கில உபசாரம்

ஒரு மொழியின் சொற்களைப் படித்துக்கொள்ளப் புத்தகம் போதும். அந்தச் சொற்களை எந்தச் சபையில் எடுக்கக் கூடாது என்பதைப் படித்துக்கொள்ள எனக்கு ஒரு வீடு செலவாயிற்று. அதுவும் என் வீடன்று. என் தங்கையின் வீடு.

இதை நானே எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்துக் கலியாணங்களில், சாப்பாடு முடிந்து கை கழுவும் வேளையில், யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். சென்ற முறை மருமகன் முறையான ஒருவர், நான் இரண்டு கதிரை தள்ளி அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, அன்றைய தினம் நான் வெள்ளைக்காரத் தொப்பி அணிந்திருந்ததாகவும், வீட்டுத் திறப்புக் கொத்தை விருந்தாளியின் கையில் வைத்து அழுத்தியதாகவும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் என் தேத்தண்ணி ஆறிப்போயிற்று. இரண்டும் பொய். நான் அணிந்திருந்தது கழுத்துப்பட்டி மாத்திரமே. திறப்பு உம்மாவின் இடுப்பில் இருந்தது. ஆயுள் முழுவதும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய ஒரு பாடசாலை அதிபர், தன்னைப் பற்றிய கதையை இவ்வளவு பிழைகளோடு உலவ விடுவது முறையாகாது.

ஐம்பதுகளில் கல்முனைக்குடியில் ஆங்கிலக் கல்லூரிக்குப் போய் வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். (எண்ணுபவர் என்னிலிருந்து தொடங்குவது நல்லது.) வாப்பா கரைவாகு வட்டையில் ஏக்கர்கணக்கில் வயல் செய்த போடியார். அவருக்கு எழுத்தில் நம்பிக்கை குறைவு. வாய்ச்சொல்லில் நம்பிக்கை அதிகம். வயலை எவரிடமாவது செய்யக் கொடுத்தால், வரம்பில் நின்று பேசிய பேச்சுத்தான் அவருக்கு உறுதிப்பத்திரம். அந்தப் பேச்சை அவரும் மாற்றியதில்லை. மாற்றியவரோடு மறுபடி அவர் பேசியதுமில்லை. இப்படிப்பட்ட மனிதர் என்னை மட்டக்களப்புக்கு அனுப்பி, விடுதியில் தங்கவைத்து, வேறொரு மொழியில் பேசப் படிப்பித்தார்.

எங்களுடைய ஆங்கில ஆசிரியர் வாவிக் கரையோரம் வசித்த, ஆங்கிலமே வீட்டுமொழியான ஒரு பறங்கியர். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் மாணவர்களில் ஓரிருவரை வீட்டுக்குத் தேநீர் அருந்த அழைப்பார். முதன்முறை போனபோது நான், நீதிமன்றத்துச் சாட்சிக்காரனைப் போல, கதிரையின் நுனியில் முழங்கால்களை ஒட்டி அமர்ந்திருந்தேன். அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து, முகம் மலர்ந்து, "மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்" என்றார்.

நான் திகைத்தேன். என் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும்படி அந்த அம்மையார் கேட்கிறார். என் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தில், நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, தேங்காய்ப்பூவும் சீனியும் கேட்டுக் குசினியை நோக்கிச் சத்தமிடுவது வழக்கம். கேட்டதைச் செய்யாமல் விடுவதும் மரியாதையன்று என்று எண்ணி என் கை மேல் பொத்தானுக்குப் போயிற்று. ஆசிரியர் அதைக் கவனித்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில், என் பெயரைச் சொல்லாமல், ஆனால் என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு, அந்த வசனத்தின் பொருளையும் பயன்பாட்டையும் பாடமாகவே விளக்கினார். அது வந்தவரின் கூச்சத்தைப் போக்க வீட்டுக்காரர் சொல்வது. விருந்தாளி அதைச் சொல்ல முடியாது. வந்தவுடன் சொல்ல வேண்டும்; எழுந்து போகிறவரிடம் சொன்னால் அனர்த்தம். கேட்டவர் முதுகைச் சற்றே பின்னால் சாய்த்து, நன்றி சொல்லி, முன்போலவே இருக்க வேண்டும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு அலுமாரியைத் திறப்பவரை மறுமுறை யாரும் அழைக்க மாட்டார்கள். சட்டையைக் கழற்றுபவரை, என்று தொடங்கிய ஆசிரியர், மீதியைச் சொல்லாமல் சன்னலுக்கு வெளியே வாவியைப் பார்த்தார்.

எனக்கு ஒரே வியப்பு. முழு வீட்டையும் வாயால் எடுத்துக் கொடுக்கிறார்கள், ஒருவர்கூட வாங்கிக்கொள்வதில்லை! எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. நாங்கள் "வாங்க" என்றால் கதவு திறக்கும். "இருங்க" என்றால் கதிரை வரும். "தின்னுங்க" என்றால் சோறு வரும். பின்னால் ஒரு பொருளும் வராத சொல்லை எங்கள் ஊரார் கண்டதில்லை. இந்த நாகரிகக் குறையை நானே தீர்த்துவைப்பது என்று தீர்மானித்தேன். மட்டக்களப்பிலிருந்து மற்றவர்கள் எனாமல் கேத்தல் வாங்கி வந்தார்கள். நான் இந்த வசனத்தைக் கொண்டுவந்தேன்.

படிப்பு முடிந்து வந்த வாரமே உம்மாவின் தங்கையிடம் அதைப் பரீட்சித்துப் பார்த்தேன். வாசற்படி ஏறியவரிடம், உங்கள் வீடுபோல் நினைத்துக்கொள்ளுங்கள் சாச்சி, என்று தமிழாக்கி உரைத்தேன். சாச்சி செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"நான் பொறந்த வளவு இது. இத என்ட வீடு மாதிரி நினைக்கச் சொல்ல நீ ஆரு?"

வீடு என்பது எங்கள் கரையில் பெண்களின் காரியம் என்பதை நான் அப்போதே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகையால் பெண் பிறந்த வீட்டில் முதலில் எழுவது அழுகுரல், அடுத்து எழுவது சுவர். சீதன வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணப் பேச்சே இல்லை. வாப்பாவுக்கு இரண்டு பெண்கள்: எனக்கு மூத்த ராத்தா, அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றழைக்கும் தங்கச்சி. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு தங்கச்சிக்கு என்று நெடுங்காலமாகவே முடிவாகியிருந்தது. கடைசி மகளோடு அதே கூரையின் கீழ் முதுமையைக் கழிப்பது உம்மாவின் எண்ணம். ராத்தாவுக்கென்று கடற்கரைப் பக்க வளவில் வாப்பா புது வீடு ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதன் சுவர்கள் அப்போது சன்னல் மட்டத்துக்கு வந்திருந்தன.

ராத்தாவுக்கு மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், ஆங்கிலம் படித்தவர், சாந்தமானவர். அவருடைய தாய்மாமன் உதுமாலெவ்வை, தறிகள் வைத்து நெய்விப்பவர். துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தே நூலின் தரத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர். தகப்பனை இழந்த மருமகனை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். ஆகவே பேச்சுக்கு அவர் வந்தார். மாப்பிள்ளை வரவில்லை, மாப்பிள்ளை வருவது வழக்கமில்லை. அந்தச் சபையில் நான் சொல்லப்போகும் வசனத்தின் உண்மைப் பொருள் தெரிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர், அந்தப் பேச்சுக்கு வரக் கூடாதவராக இருந்தார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தார்கள். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் சாட்சியாக நடுவில் இருந்தார். வாப்பாவும் மற்றவர்களும் வெள்ளைச் சாரமும் சட்டையும் அணிந்திருந்தார்கள். நான் நீளக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக, வியர்வையில் ஊறி, விறாந்தையின் ஓரத்தில் நின்றேன். திரைக்குப் பின்னால் பெண்கள். வாப்பா என்னை அருகே அழைத்துத் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்வது அரிது.

"மகன் படிச்சி வந்திட்டான். இனி என்ட சொல்லு, மகன்ட சொல்லு எண்டு ரெண்டில்ல. ஒண்டுதான்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வோடு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிராது.

உதுமாலெவ்வை கதிரையின் நுனியில் இறுக்கமாக அமர்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். (பாவம், கூச்சப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் முதிரை மர வளைகளை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்.) வாவிக்கரை வீட்டில் நான் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது. இந்த மனிதரின் தோள்களைத் தளரச் செய்வது படித்தவனாகிய என் கடமை என்று தோன்றியது. இரண்டு அடி முன்னே வந்து, பறங்கி அம்மையாரின் அதே தொனியில், "மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்" என்றேன்.

"தம்பி என்ன சொல்ற?" என்று உதுமாலெவ்வை மரைக்காரைக் கேட்டார். மரைக்காருக்கும் தெரியவில்லை. எனவே தமிழில் சொன்னேன்.

"மாமா, இந்த வீட்ட உங்கட சொந்த வீடா நினைச்சிக்கொள்ளுங்க. இஞ்ச எங்கட எண்டு ஒண்டுமில்ல. எல்லாம் உங்கடதான்."

பின் இரண்டு வசனங்களும் ஆங்கில மூலத்தில் இல்லை. கல்லூரி விவாதக் கழகத்தில் பெற்ற பழக்கத்தால், ஓசை நயம் கருதி நானாகவே சேர்த்தவை. ஆங்கிலேயர் மீது வீண்பழி விழக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. பணியாரத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்த வாப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. உதுமாலெவ்வை மட்டும் அசைந்தார். அவர் பின்னால் சாய்ந்தார். சற்றே அல்ல, முழுமையாக. இரண்டு கைகளையும் கதிரைக் கைப்பிடிகளில் நீட்டி வைத்து, காலை அகட்டி, ஒரு நீண்ட மூச்சு விட்டார். வசனம் வேலை செய்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். ஒரு விருந்தாளி அவ்வளவு விரைவாக ஆறுதல் அடைந்ததை என் ஆசிரியர்கூடக் கண்டிருக்க மாட்டார்.

"மரைக்கார், கேட்டீங்கதானே?" என்றார் அவர்.

மரைக்கார் தரையைப் பார்த்தார். "கேட்ட" என்றார்.

"போடியார், நாங்க கடக்கரை வளவுக்கு ஒத்துக்கொள்ற எண்டுதான் வந்த. நீங்க பெரிய மனசு பண்ணிட்டீங்க. ஓட்டு வீடு எங்கட புள்ளைக்குப் போதும். அல்ஹம்துலில்லாஹ்."

என் காதுகளை நான் நம்பவில்லை. சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் முகம் சுடுகிறது.) அது ஆங்கிலத்தில் வந்தவர்களுக்குச் சொல்லும் வெறும் மரியாதை என்றும், அதை யாரும் உண்மையாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் விளக்கத் தொடங்கினேன். வகுப்பில் கேட்ட விளக்கம் முழுவதையும், முதுகு சாய்க்கும் அளவு உட்பட, ஒப்புவித்தேன். அவர் இடைமறிக்காமல் இறுதிவரை கேட்டார்.

"இங்கிலீசுக்காரன் சொல்லியிருந்தா நானும் எடுத்திரிக்க மாட்டன், தம்பி. சொன்ன நீங்க. போடியார்ர மகன். ரெண்டு சொல்லில்ல எண்டு வாப்பா இப்பதானே சொன்னாரு."

எல்லோரும் வாப்பாவைப் பார்த்தார்கள். அவருக்கு இருந்தவை இரண்டே வழிகள். அவன் சிறுபிள்ளை, அவன் பேச்சு பேச்சல்ல, என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் சற்றுமுன் தன் தோளோடு சேர்த்து நிறுத்திய மகனைப் பள்ளிவாசல் மரைக்காரின் முன்னால் சபையிலிருந்து விலக்கியதாகும். தன் பேச்சையும் தானே மாற்றியதாகும். இல்லாவிட்டால் வீட்டைக் கொடுக்க வேண்டும். வாப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வெள்ளம் ஏறிய வயலை வரம்பில் நின்று பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "சொன்ன சொன்னதுதான்."

விருந்தாளிகள் போன பிறகு யாரும் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அதுவே எனக்குப் பேரதிர்ச்சி. கழுத்துப்பட்டியை அவிழ்க்கவும் துணிவில்லாமல் நின்றேன். உம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்டக் குடுத்திட்டியே மகன். எங்கள எங்க வெச்சிக்கப் போற? அந்த இங்கிலீசிலயா?"

தன் கலியாணம் உறுதியான மகிழ்ச்சியில் இருக்க வேண்டிய ராத்தா, தங்கச்சியின் வீடு எனக்கு வேண்டாம் என்று குசினியில் இருந்து அழுதார். தங்கச்சி அழவில்லை. அவளுக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். என் எதிரில் வந்து நின்று, எந்தப் பரீட்சகரும் என்னைக் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப என்னக் கட்ட வாற மாப்பிள அந்த அரைச் செவருக்குள்ளயா காக்கா இரிக்கிற?"

அந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் கச்சேரிக்குப் போய் மாப்பிள்ளையைச் சந்தித்தேன். நடந்ததைச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, வீடு உண்மையாகவே போய்விட்டது என்பது விளங்கியதும், முகம் வெளிறிப் பேனையை மேசையில் வைத்துவிட்டார். வார இறுதியில் ஊருக்குப் போய் மாமாவிடம் எடுத்துச் சொன்னாராம், அது வெறும் உபசாரம்தான் என்று. உதுமாலெவ்வை தந்த பதிலை அவர் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கும் தெரியும் மகன். அவரு டை கட்டி நிண்ட நிலையிலயே விளங்கிட்டு, இது வாய்க்கு வந்த மரியாதைதான் எண்டு. அதுக்காக, சபையில விழுந்தத எடுக்காம எழும்பி வாறதா?"

அவர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்றுதான் அதுவரை என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்காமல் இருந்தவன் நான். எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சுச் சபையில் மரியாதைக்கென்று தனியாக ஒரு சொல் இல்லை. அங்கே விழும் ஒவ்வொரு சொல்லும் சீதனத்தில் சேரும். தறிக்காரர் நூலைத் தேய்த்துப் பார்ப்பதுபோல் என் வசனத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து எடுத்துப் போயிருந்தார்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. ராத்தாவும் மச்சானும் எங்களை அந்த வீட்டிலேயே இருந்துகொள்ளும்படி எவ்வளவோ கெஞ்சினார்கள். கொடுத்த வீட்டில் குந்தியிருந்தால் கொடுத்ததாகாது என்று வாப்பா மறுத்துவிட்டார். மாரிமழை தொடங்கும் காலத்தில், வண்டியில் பெட்டிகளையும் பாய்களையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை வளவுக்குப் போனோம். சன்னல் மட்டச் சுவரின் மேல் கம்பு நட்டுத் தென்னங்கிடுகு வேய்ந்திருந்தார்கள். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போயிற்று. போகும்போது கிடுகில் பாதியைக் கொண்டுபோயிற்று. போடியார் வீட்டுப் பெண்கள் நனைந்த பாய்களைப் பிழிந்து காய வைப்பதை ஊர் பார்த்தது. வாப்பா அந்த வசனத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அதனால்தான் பேசவில்லை போலும்.

எங்கள் கரையில், தங்கைக்கு வீடு எழும்பாமல் தமையன் மாப்பிள்ளையாவதில்லை. நான் உதவி ஆசிரியர் பதவி ஏற்றேன். முதல் ஆண்டுச் சம்பளம் சன்னல் நிலைகளாயிற்று. அடுத்தது கதவுகள். பிறகு சுண்ணாம்பு, மரம், கடைசியாக ஓடு. என்னோடு படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளை என் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையசைத்துப் போனார்கள். எனக்கும் சம்பந்தங்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் வாப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"செவர் எவ்வளவு உசரம் மகன்?"

நான் உயரத்தைச் சொல்வேன். அவர் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பார்.

கூரைக்கு ஓடு போட்டு முடிந்த ஆண்டு தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். அந்தப் பேச்சில் நான் இருந்தேயாக வேண்டும். வீட்டைக் கட்டியவன் நான், படித்தவன் நான், தமையன் இல்லாமல் சபை கூட்டுவது அழகில்லை. வாப்பாவுக்கு அதுவும் தெரியும், மற்றதும் தெரியும். விருந்தாளிகள் தெருவில் வரும்போதே அவர் என்னை உள்ளே அழைத்து, நாலைந்து வெற்றிலைகளைப் பாக்கோடும் சுண்ணாம்போடும் கட்டையாகச் சுருட்டித் தம் கையாலேயே என் வாயில் திணித்தார்.

"மெல்லு மகன். அவங்க படி இறங்கிற வரைக்கும் துப்பப்படா."

எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை. பல்லில் கறையேறிய ஆசிரியரைப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்பது என் கொள்கை. இருந்தும் மென்றேன். தலை சுற்றியது, கண்ணில் நீர் நிறைந்தது. தங்கையைப் பிரிய முடியாமல் தமையன் கலங்குகிறார் என்று மாப்பிள்ளை வீட்டார் நெகிழ்ந்துபோனார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. சபையில் கேட்ட வீட்டைத் தவிர ஒரு செங்கல்லும் கூடுதலாகப் போகவில்லை.

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. வாப்பா மறைந்தார்; அந்தப் பொறுப்பைத் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். ராத்தாவின் பெண்களுக்கும், தங்கச்சியின் பெண்களுக்கும், இப்போது அவர்களுடைய பெண்களுக்கும் பேச்சு நடக்கும்போதெல்லாம் என்னை வெள்ளைச் சட்டை உடுத்தி முன்வரிசையில் அமர்த்துகிறார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் சபையில் இருப்பது பெண் வீட்டுக்குக் கௌரவம் என்பதை அனைவரும் ஒத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம்கூட, மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஒருவர் என்னைக் கண்டதும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கி, ஒரே மூச்சில் மூன்று இலக்கணப் பிழை விட்டார். நான் கதிரையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, கன்னம் புடைக்க, தலையை மட்டும் அசைத்தேன்.

எனக்கு வெற்றிலை ஒத்துக்கொள்ளாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்ததையும் காட்டிப் பார்த்துவிட்டேன். தங்கச்சி அதை வாங்கிப் படித்தாள். மரியாதையாக மடித்து என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு சுருளைக் கையில் எடுத்தாள். இப்போது அவளும் கிழவி. கண் பார்வை மங்கிவிட்டதால் என் இரண்டு கன்னங்களையும் விரலால் அழுத்திப் பார்த்து, இடம் மிச்சமில்லை என்று நிச்சயித்துக்கொண்ட பிறகுதான் விறாந்தைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்.

"காக்காட வாய் நிறைஞ்சிட்டு. இனி அவங்கள வரச் சொல்லுங்க."